மெய்யெழுத்துகளை விழுங்கிய நாடு

டென்மார்க் மக்கள் அனைவருக்கும், குறிப்பாக ரண்டெர்ஸ் நகருக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டியிருக்கும் 'மாலைச் சூரியன்' தோட்டச் சங்கத்தின் எண்பத்து நான்கு உறுப்பினர்களுக்கும், இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இந்நாட்டில் மெய்யெழுத்துகள் ஒழிந்துவிட்டன. இருப்பவை உயிரெழுத்துகள் மட்டுமே. ஆகவே தலைவரிடம் பேச விரும்பும் உறுப்பினர்கள் அவருக்கு எதிரில் நின்று, வாயில் பன் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, மனிதர்களைப் போலப் பேச வேண்டியது. இப்படிக்கு, தோர்கில் ராவன்ஹால்ட், தலைவர், இருபத்திரண்டாம் ஆண்டு.

இந்த அறிவிப்பு ஜனவரி மாதம் முதல் வாரத்தில் ஆளுக்கொரு துண்டு நிலமும் வேலியும் வைத்திருப்பவர்களின் அந்தச் சங்கத்துக் கண்ணாடிப் பலகையில், குப்பை வண்டி வரும் தேதிகளுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதாவது, தோர்கில் பார்க்கும்போது யாரும் சிரிக்கவில்லை.

நாட்டு மொழி நாசமாகிறது என்பது அவருடைய பத்து வருட ஆராய்ச்சி முடிவு. ஆதாரத்துக்குப் பஞ்சமே இல்லை. டென்மார்க்காரர்கள் தொண்டையில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று நார்வேக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சொந்த நாட்டுப் படத்தைச் சொந்த மொழியில் பார்க்கும்போதே பாதிப் பேர் கீழே எழுத்து ஓடவிடுகிறார்கள். நடிகர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதாத ஓய்வூதியக்காரர் கிடையாது. வயதானபின் ஒரு மனிதனுக்குக் காது மந்தமாவதற்கு இதைவிட வசதியான நாடு உலகத்தில் இல்லை. தேசத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பத்து வருடம் நிம்மதியாக இருக்கலாம்.

தோர்கிலுக்கு அந்த நிம்மதி போன இலையுதிர் காலத்தோடு போய்விட்டது. காரணம், துணைத்தலைவர் பிரேபெனும் செயலாளர் வீபெக்கேயும். இருவரும் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்திருந்தார்கள். கமிட்டி மேசையில், உரக்குவியல் ஓரத்தில், கொடிக்கம்பத்தடியில், எங்கே பார்த்தாலும் இரண்டு தலைகள் ஒட்டியிருக்கும். இவர் நெருங்கினால் பிரியும்.

"என்ன விஷயம்?" என்பார் இவர்.

பிரேபெனின் உதடுகள் அசையும். ஏதோ ஒரு 'ஓ', ஏதோ ஒரு 'ஆ', பிறகு ஒரு சிரிப்பு.

தோர்கில் முப்பத்தெட்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்தும் கசாப்புக் கடைக்காரரைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே பிடித்தவர். அப்படிப்பட்டவரை உரக்குவியல் ஓரத்தில் ஏமாற்ற முடியுமா? நோட்டுப் புத்தகம் வாங்கினார். 'ஜனவரி 14, காலை 10.20. பி.யும் வீ.யும். நான்கு நிமிடம். என் பெயர் ஒரு முறை' என்று எழுதினார். மார்ச் இரண்டாம் சனிக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டம். அன்றுதான் தலைவர் தேர்தல். இருபத்திரண்டு வருடத்தில் அவரை எதிர்த்து ஒருவர்கூட நின்றதில்லை. இந்த வருடம் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். சந்தேகமே இல்லை.

மனைவி போதிலிடம் நோட்டைக் காட்டினார். போதில் ரை ரொட்டியில் ஹெர்ரிங் மீனை அடுக்கிக்கொண்டே படித்தார்.

"உன் பேரு மட்டும் எப்படிக் கேட்டுது?"

"என்னது?"

"உன் பேரு! மட்டும்! எப்படி!"

"கத்தாதே. எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீ வாயைத் திறக்காம பேசற, அதான்."

"போய்க் காதைக் காட்டிட்டு வா தோர்கில். பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அதையும் முணுமுணுத்துத்தான் சொன்னே."

அன்று மதியம் நோட்டில் மூன்றாவதாக ஒரு எழுத்து சேர்ந்தது: போ.

ஆனால் சதியைப் பிடிக்க வேண்டுமானால் என்ன பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். மொழியைத் திருத்த நாளாகும். தேர்தலுக்கு ஏழு வாரம்தான் இருந்தது. எனவே தற்காலிக ஏற்பாடாக, முழுக்க முழுக்க உளவு நோக்கத்துக்காக, காதுக்கு ஒரு கருவி வாங்குவது என்று தோர்கில் முடிவெடுத்தார். போதிலுக்குச் சொல்லவில்லை. எதிரி முகாமில் யார் யார் என்று இன்னும் தெளிவாகவில்லை அல்லவா.

முதலில் காது மருத்துவர். உள்ளே வெறும் குறும்பிதான் இருக்கும் என்று தோர்கில் பெரிதும் நம்பியிருந்தார். குறும்பி இருந்தது, எடுத்தும் விட்டார்கள். அதற்குப் பிறகும் மருத்துவர் உருளைக்கிழங்கோடுதான் பேசினார். "வயசு" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதி, கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் கருவி இலவசம், ஆனால் கோடை வரை காத்திருக்க வேண்டும். தனியார் கடைக்குப் போனால் அரசு ஒரு பங்கு தரும், மிச்சம் கைக்காசு, அடுத்த வாரமே வேலை நடக்கும். கோடைக்குள் ஆட்சியே போய்விடும். தோர்கில் கடைக்குப் போனார்.

காது மந்தம் என்று கண்டுபிடித்தால் லாபம் பார்க்கிற கடை, காதைச் சோதிக்கிறது. கசாப்புக்காரரே எடை ஆய்வாளராகவும் இருப்பது மாதிரி. இதைவிட அப்பட்டமான திருட்டு உண்டா? அந்தக் கடையைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்ற தீர்மானத்தோடு, மேல்கோட்டுப் பித்தான்களைக் கழற்றாமலேயே உள்ளே போய் உட்கார்ந்தார்.

சோதனை செய்யும் பெண்மணியின் பெயர் மாலெனே. நாற்பது வயது இருக்கும். முகத்துக்கு நேரே பார்த்துப் பேசினார். தோர்கிலுக்கு அதுவே சந்தேகமாக இருந்தது: இவர் பேசுவது மட்டும் எப்படிப் புரிகிறது?

"இந்த இயந்திரத்தைக் கடைசியா யார் சரிபார்த்தது?" என்றார் தோர்கில்.

"அடியில ஒட்டியிருக்கு பாருங்க."

குனிந்து பார்த்தார். அக்டோபர் மாதம், தேதி, கையெழுத்து, முத்திரை. ஒரு நிமிடம் படித்தார். ஒரு குற்றமும் இல்லை. மறுபடி முதலிலிருந்து படித்தார்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருட அனுபவம் கைகொடுத்தது: கண்ணாடி வழியாக மாலெனேயின் கை அசையும்போதெல்லாம் தோர்கில் அழுத்தினார்.

வெளியே வந்ததும் மாலெனே சிரித்தார். "தோர்கில், ஒண்ணு சொல்லவா? நான் காபிக் கோப்பையை எடுத்தப்ப எல்லாம் அழுத்தினீங்க."

"கோப்பை வைக்கிற சத்தம் கேட்டுது."

"கூண்டுக்குள்ள கேக்காது. அது அதுக்குத்தான் இருக்கு. வாங்க, இன்னொரு தடவை. இப்ப நான் திரும்பி உக்காந்துக்கறேன்."

இரண்டாவது தடவை வந்த படத்தை மேசையில் வைத்தார். இடது பக்கம் கனத்த கீழ்ஸ்தாயி ஒலிகள், வலது பக்கம் கூர்மையான உச்ச ஒலிகள். தோர்கிலின் கோடு இடது பக்கத்தில் கம்பீரமாக நடந்து வந்து, நடுவில் வழுக்கி, வலது பக்கத்தில் பள்ளத்தில் கிடந்தது. இரண்டு காதுக்கும் ஒரே பள்ளம்.

"வயசானா வர்ற காது மந்தத்துக்கு இதுதான் அடையாளம். உச்ச ஒலிங்க முதல்ல போகும். உயிரெழுத்தெல்லாம் பலமானது, இந்தப் பக்கம் இருக்கு. அதனால யாரோ பேசறாங்கன்னு நல்லாக் கேக்கும். ஸ், ஃப், த், க், இதெல்லாம் மெலிசு. பாருங்க, எல்லாம் இந்தப் பள்ளத்துல கிடக்கு. அதனால என்ன பேசறாங்கன்னு புரியாது. நீங்க எல்லாரும் முணுமுணுக்கறாங்கன்னு நினைப்பீங்க."

தோர்கில் படத்தைப் பார்த்தார். இந்நாட்டின் மெய்யெழுத்துகள் அத்தனையும் அங்கே, அவருடைய சொந்தப் பள்ளத்தில், வரிசையாகக் கிடந்தன.

"அப்ப மொழி சாகலையா?"

"மொழி நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் உருளைக்கிழங்கு இருக்கு. அது எப்பவும் இருந்ததுதான்."

கண்ணாடிப் பலகையில் ஒட்டிய அறிவிப்பு தோர்கிலின் நினைவுக்கு வந்தது. உடனடியாக மறந்தார். இருபத்திரண்டு வருடத் தலைமை கற்றுத்தரும் திறமை அது.

அடுத்தது தேர்வு. மாலெனே ஒரு தட்டில் கருவிகளைப் பரப்பினார். எதிர்பார்த்தபடியே மிகச் சிறியது ஒன்று இருந்தது. காதுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும்.

"இது. ஒண்ணு போதும். வலது காதுக்கு."

"ஏன் ஒண்ணு?"

"பிரேபென் எனக்கு வலது பக்கத்துல உக்காருவான்."

மாலெனே அதற்கு விளக்கம் கேட்கவில்லை. "ரெண்டு காதும் ஒரே மாதிரி போயிருக்கு. ஒண்ணை மட்டும் சரி பண்ணா, சத்தம் எங்கேருந்து வருதுன்னு மூளைக்குத் தெரியாது. கூட்டத்துல ஒருத்தர் பேச்சை மட்டும் பிரிச்சு எடுக்க ரெண்டு காதும் வேணும். இந்தச் சின்னது உங்களுக்குச் சரிப்படாது. உங்களுக்குக் கனத்த சத்தமெல்லாம் நல்லாவே கேக்குது. காதை அடைச்சு வச்சா உங்க குரலே பீப்பாய்க்குள்ள பேசற மாதிரி இருக்கும்."

தலைவருடைய குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதா? தோர்கில் சிறியதைக் கீழே வைத்தார். விலை அதிகமானதை நோக்கி இந்த அம்மாள் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு போகிறார் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. காத்திருந்தார்.

"நீங்க எங்க நல்லாக் கேக்கணும்னு ஆசைப்படறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. தோர்கில் உண்மையையே சொல்லிவிட்டார்: "சங்கக் கூடத்துல. மூணு மீட்டர் தள்ளி. பேசறவங்களுக்குத் தெரியாம."

மாலெனே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தட்டின் கடைசியில் இருந்த விலையுயர்ந்த கருவியைத் தள்ளி வைத்துவிட்டு நடுவில் இருந்ததை எடுத்தார். "இது போதும் உங்களுக்கு. காதுக்குப் பின்னால உக்காரும், மெல்லிசா ஒரு கம்பி, முனையில ஓட்டை போட்ட சின்ன ரப்பர். முக்கியமான விஷயம், இதுக்குள்ள லூப் சுருள் இருக்கு. அந்தச் சின்னதுல கிடையாது. உங்க கூடத்துல லூப் இருக்கா? கதவுல காது படம் போட்ட ஸ்டிக்கர்?"

இருந்தது. தரை மாற்றியபோது நகராட்சி வற்புறுத்தியதால் தோர்கிலே கையெழுத்துப் போட்டுத் தரைக்கடியில் சுற்றிலும் ஒரு கம்பியைப் பதிக்க வைத்திருந்தார். என்னத்துக்கு என்று கேட்டதில்லை. எலிக்காக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

"மேசை மைக்குல பேசறது அந்தக் கம்பி வழியா நேரா உங்க காதுக்கு வந்துரும். இந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்க. சுத்தியிருக்கற இரைச்சல் எதுவும் வராது. கூடத்துல எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்."

தோர்கில் அவரை ஒரு புதிய மரியாதையோடு பார்த்தார். விலை குறைந்ததைத் தலையில் கட்டும் வியாபாரி. இதில் என்ன சூது என்று அன்று மாலை முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.

வீட்டில் வண்டிக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டினார். உலகம் மேலே வந்து விழுந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் வைக்கோல் பற்றி எரியும் சத்தம் கேட்டது. அவர் முழங்கால் நறநறத்தது. மூக்குக்குள் காற்று விசிலடித்தது. வெளியே ஏதோ குருவி, பல வருடங்களாகச் செத்துப்போயிருந்த குருவி, வேலியில் உட்கார்ந்து கத்தியது. பத்து நிமிடத்தில் கழற்றிப் பெட்டியில் போட்டு, ஆணி டப்பாவுக்குப் பின்னால் மறைத்தார். மூளை பழக மூன்று நான்கு வாரம் ஆகும், காலையிலிருந்து இரவு வரை போட்டிருக்க வேண்டும் என்று மாலெனே சொல்லியிருந்தார். வியாபாரிகள் அப்படித்தான் சொல்வார்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சரிபார்க்கப் போனார்.

"எப்படி இருக்கு?"

"நாள் முழுக்கப் போட்டிருக்கேன். பிரயோஜனமில்லை."

மாலெனே கருவியைக் கணினியோடு இணைத்தார். திரையைப் பார்த்தார். "சராசரி, ஒரு நாளைக்குப் பதினெட்டு நிமிஷம்."

"அது எப்படித் தெரியும்?"

"அதுவே குறிச்சு வச்சுக்கும்."

உளவு பார்க்க வாங்கிய கருவி பதினான்கு நாளாக அவரையே உளவு பார்த்திருந்தது! தோர்கிலுக்கு முதலில் கோபம் வந்தது, அதன் பின்னால் தொழில்முறைப் பாராட்டு வந்தது. அவரும் இப்படித்தான் நோட்டு வைத்திருப்பார். அன்று முதல் காலையிலேயே மாட்டி, மேலே கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தார். வீட்டுக்குள்ளேயும் தொப்பி.

"தலைக்கு என்ன?" என்றார் போதில்.

"குளிருது."

"அடுப்பு பக்கத்துல நிக்கிறே."

"ரத்த ஓட்டம் சரியில்லை," என்றார் தோர்கில். போதில் ஒரு நொடி அதிகமாகவே அவரைப் பார்த்தார். நோட்டில் 'போ' என்ற எழுத்தின் கீழ் ஒரு கோடு விழுந்தது.

மூன்றாம் வாரம் செய்தித்தாள் எரிவதை நிறுத்திவிட்டு வெறும் செய்தித்தாள் ஆனது. குருவி மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. அதை அனுமதித்தார். மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தன. தொலைக்காட்சிச் செய்தியாளர் திடீரென்று மனிதனைப் போலப் பேசினார். யாரோ கண்டித்திருக்கிறார்கள் என்று தோர்கில் முடிவு செய்தார்.

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. சங்கக் கூடத்தில் அறுபது பேர். வழக்கப்படி எல்லோரும் எழுந்து வசந்தப் பாட்டு பாடினார்கள், வழக்கப்படி கூட்டத்தை நடத்தப் பக்கத்துச் சங்கத்திலிருந்து ஹோல்கெர் என்ற நடுநிலையாளர் வரவழைக்கப்பட்டிருந்தார், வழக்கப்படி தலைவர் தோர்கில் நாற்பது நிமிடம் ஆண்டறிக்கை வாசித்தார். வேலியின் உயரம் ஒரு மீட்டர் எண்பது சென்டிமீட்டர் என்பது நாகரிகத்தின் கடைசி எல்லை என்ற வாக்கியத்தில் குரல் தழுதழுத்தது. இந்த வருடம் அவருக்கே அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் நீளமாக இருக்கிறதோ என்ற எண்ணமும் முதன்முதலாக வந்து, நிற்காமல் போயிற்று.

பிறகு காப்பி இடைவேளை. இடைவேளைக்குப் பின் தலைவர் தேர்தல்.

தோர்கில் எழுந்தார். ஒலிபெருக்கியை அணைத்தார், மேசை மைக்கை அணைக்க 'மறந்தார்'. பிரேபெனும் வீபெக்கேயும் மேசையிலேயே இருந்தார்கள். அவர்கள் தலைகள் நெருங்கின. தோர்கில் ஒரு கோப்பைக் காப்பியோடு கடைசி வரிசைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தொப்பிக்குள் விரலைவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

கூடம் முழுக்கச் சட்டென்று அடங்கியது. அறுபது பேர் வாய் அசைகிறது, ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்துக்கு நடுவில், தன் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதுபோல், பிரேபெனின் குரல் வந்தது. மெய்யெழுத்துகளோடு.

"...இவன் நிக்கமாட்டேன்னு சொல்லிட்டா நாம செத்தோம்."

"சொல்லமாட்டார்," என்றது வீபெக்கேயின் குரல். "அந்த நாற்காலியோட சேத்துத்தான் புதைக்கணும்."

"ஒருவேளை சொல்லிட்டா? நீ நிப்பியா?"

"நானா? எனக்குப் பேரப்பிள்ளைங்க மூணு. நீ நில்லேன்."

"முதுகு வலி எனக்கு. இலையுதிர் காலத்துலேருந்து ஆள் தேடறோம், ஒருத்தன் சிக்கலையே. கேட்டாலே ஓடறானுங்க."

"அவரே இருக்கட்டும் விடு. அவர்கிட்ட எனக்குப் பிடிச்சதே அதுதான், எதுவும் காதுல விழாது. முந்தின தலைவர் இருந்தப்ப வேலித் தகராறுக்கு வருஷத்துக்கு ரெண்டு வழக்கு."

"போன மாசம் பக்கத்து வீட்டுக் கோழியைப் பத்திப் பத்து நிமிஷம் புலம்பினேன். 'ரொம்ப நன்றி, எனக்கும் அதே கருத்துதான்'னு கையைக் குலுக்கிட்டுப் போயிட்டான். எனக்குக் கோபமே போயிடுச்சு."

"ஐயோ, அவர் போய்க் காது மெஷின் மாட்டிக்கிட்டா?"

"மாட்டமாட்டான். அவன் காது நல்லா இருக்கு, டென்மார்க்தான் சரியில்லை."

இருவரும் சிரித்தார்கள்.

தோர்கிலுக்குக் காப்பி புரையேறியது. சதி இல்லையா? பதவியை யாரும் பிடுங்கவில்லையா? பிடுங்குவதற்கு ஆள் தேடி அலைந்தும் கிடைக்கவில்லையா? இருபத்திரண்டு வருடத் தலைமையின் ரகசியம் ஒரு பள்ளமா? அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவமானத்தின் அடியில் வேறொன்று மெல்லத் தலைதூக்கியது. தேவைப்படுகிறேன்! நான் இல்லாவிட்டால் செத்தோம் என்கிறார்கள்!

தலை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் கவனித்தார். காப்பி மேசையருகே போதில் தனியாக நின்று, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் முப்பத்தொன்றாம் எண் தோட்டத்து ஆக்ஸெல் சிரித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் அங்கங்கே ஒன்பது பேர், எதிரில் ஆளே இல்லாமல், சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோர்கில் எழுந்து போதிலிடம் போனார். ஆய்வாளர் கண்ணோடு கிட்டத்தில் பார்த்தார். வெள்ளை முடிக்கு அடியில், காதுக்குப் பின்னாலிருந்து, மெல்லிசாக ஒரு கம்பி இறங்கியது. பொத்தானை மறுபடி அழுத்தினார். கூடத்து இரைச்சல் திரும்பி வந்தது.

"இது எப்பலேருந்து?"

"மூணு வருஷம் ஆச்சு. அரசு மருத்துவமனையில. எட்டு மாசம் காத்திருந்து வாங்கினேன்."

"எனக்கேன் சொல்லலை?"

"நீயாக் கண்டுபிடிப்பேன்னு பாத்தேன். கட்டைவிரலைத் தெருவுக்கு அந்தப் பக்கத்துலேருந்து பிடிக்கிற ஆளாச்சே." போதில் அவர் தொப்பியை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இழுத்துவிட்டார். "கலர் நல்லா இருக்கு. என்னோடது இதைவிடக் கறுப்பு. அவங்க பேசினதைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"வருத்தமா?"

"வருத்தமா? நான் இல்லாம சங்கமே நடக்காதுன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. இரு, இப்ப பாரு வேடிக்கையை. நிக்கலைன்னு சொல்லப்போறேன். அழுதுக்கிட்டு வருவானுங்க."

"வேண்டாம் தோர்கில்."

"கெஞ்ச வைக்கறேன். அதுக்கப்புறம் போனாப் போகுதுன்னு ஒத்துக்கறேன். கோழி, வேலி எல்லாத்தையும் இனிமே காதுல வாங்கிக்கறேன்னு நிபந்தனையோட."

"நான் சொல்றது காதுல விழுதா? சொல்லாதே. அவங்களுக்கு ஆள்தான் கிடைக்கலை, ஆனா—"

விழுந்தது. ஒவ்வொரு மெய்யெழுத்தும் துல்லியமாக விழுந்தது. ஆனால் ஹோல்கெர் மணியை அடித்துவிட்டார், தோர்கில் ஏற்கனவே மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் ஒன்பது மண்டைகளுக்குள் நேராகப் போய் இறங்கியது. ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் முகம் சுளித்தார்கள்.

"அன்பான உறுப்பினர்களே. இருபத்திரண்டு வசந்தங்கள். மனிதனுடைய வாழ்க்கையில் ஒரு கட்டம் வரும்போது, அவன் கப்பலின் சுக்கானிலிருந்து கையை எடுத்து, அலைகளின் பாட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது. கனத்த இதயத்தோடு அறிவிக்கிறேன். இந்த ஆண்டு நான் போட்டியிடவில்லை."

நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். இப்போது வரும். முதலில் பிரேபென் எழுந்திருப்பார். "தோர்கில், நீ அப்படிச் சொல்லக் கூடாது" என்பார். வீபெக்கே கைக்குட்டையை எடுப்பார்.

ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள். குளிர்சாதனப் பெட்டி உறுமியது. இவை எல்லாம் தோர்கிலுக்கு மிக நன்றாகக் கேட்டன. கண்ணைத் திறந்தார். பிரேபென் தன் காலணி நாடாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். வீபெக்கே குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அறுபது பேரும் தரையை, கூரையை, பன் தட்டை, ஒருவரையும் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் தலை முதலில் நிமிர்கிறதோ அவர் தலையில் பதவி விழும் என்ற பயம் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. கெஞ்சுவதற்குக்கூட ஒருவரும் வாயைத் திறக்கத் துணியவில்லை.

இன்னும் பத்து வினாடி, என்று கணக்கிட்டார் தோர்கில். பத்து வினாடி கழித்து நானே மனம் இரங்கிவிடலாம்.

"சரி," என்றது காப்பி மேசைப் பக்கமிருந்து ஒரு குரல். "அப்ப நான் நிக்கறேன்."

போதில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"போதில்!" என்றார் தோர்கில். மைக் இன்னும் கையில் இருந்தது.

"நீதான் நிக்கலைன்னுட்டியே. எல்லாருக்கும் கேட்டுதே."

"நல்லாக் கேட்டுது!" என்றார் ஜன்னலோரத்திலிருந்து ஆக்ஸெல்.

"நான் சொன்னது... அது ஒரு முறையான..."

"ஏம்பா பிரேபென்," என்றார் போதில், "அந்தக் கோழி விஷயம், திங்கக்கிழமை வந்து பாக்கறேன். வேலி எல்லாம் இனிமே அவங்கவங்க வெட்டிக்கலாம். அளவுகோல் தேவையில்லை."

பிரேபென் காலணி நாடாவை விட்டு நிமிர்ந்தார். முகத்தில் முதுகு வலி சுத்தமாகக் குணமாகியிருந்தது. "கோழி விஷயம் உனக்கெப்படித் தெரியும்?"

போதில் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினார். பிறகு மேசை மைக்கின் சிவப்பு விளக்கைக் காட்டினார். பிரேபென் விளக்கைப் பார்த்தார், கூடத்தில் இங்கும் அங்கும் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்த ஒன்பது பேரைப் பார்த்தார், கடைசியாகத் தோர்கிலின் தொப்பியைப் பார்த்தார். வீபெக்கே குறிப்பேட்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹோல்கெர் நடுநிலையாளருக்குரிய முகத்தோடு எழுந்தார். "வேற யாராவது போட்டியிடறீங்களா?"

தோர்கில் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. ஆனால் சுக்கான், அலைகள், கனத்த இதயம் எல்லாவற்றையும் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவையும் விழுங்கிக்கொண்டு 'நான்' என்று சொல்ல ஒரு தலைவனுக்கு நா எழுமா? எழவில்லை.

"யாரும் இல்லை. அப்ப கைதட்டல் மூலமா."

அறுபது பேரும் தட்டினார்கள். பதவியிலிருந்து தப்பித்தவர்களின் கைதட்டல் அது, கூரை அதிர்ந்தது. தோர்கிலின் காதுக் கருவி, திடீர்ச் சத்தம் வந்தால் தானாகவே அடக்கிக் கொடுக்கும் என்று மாலெனே சொல்லியிருந்தபடி, அதை அடக்கிக் கொடுத்தது.

தலைவர் தேர்தல் நாற்பது வினாடியில் முடிந்தது. அதற்கடுத்த விஷயமான எலித் தொல்லைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.